மாடிப்படிக்குக் கீழே 43 பெட்டிகள்: தொலைதூரத்துப் பேரிடருக்கு நாம் அனுப்புவது யாருக்கு உதவுகிறது?

கேள்வி: நொய்யல்கரை

திருப்பூரில் ஒரு கலைக் கல்லூரியில் பணிபுரிகிறேன். நாட்டு நலப்பணித் திட்ட அலகும் என் பொறுப்பில் இருக்கிறது. கேட்க வந்த விஷயம் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அதை மனத்தில் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதால், அனுபவமுள்ளவர்கள் யாராவது பதில் சொல்ல மாட்டார்களா என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

2023 பிப்ரவரி 6ஆம் தேதி அதிகாலை 4.17 மணிக்குத் துருக்கியின் தென்பகுதியையும் சிரியாவின் வடபகுதியையும் 7.8 அளவிலான நிலநடுக்கம் தாக்கியது. ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் கழித்து 7.5 அளவில் இன்னொன்று வந்தது. துருக்கியில் மட்டும் 50,000 பேருக்கு மேல் இறந்தார்கள். இந்த எண்களைக் கேட்டபோது எங்கள் மாணவர்கள் தலையை ஆட்டிக்கொண்டதோடு சரி. அவர்களை உலுக்கியது, இந்தியாவிலிருந்து போன தேசியப் பேரிடர் மீட்புப் படையின் ஜூலி என்ற மோப்ப நாய், இடிபாடுகளுக்குள் உயிரோடு இருந்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியை அடையாளம் காட்டியது என்ற செய்திதான். மறுநாளே ஏதாவது செய்ய வேண்டும் என்று வந்து நின்றார்கள். நானும் சரி என்றேன். சுற்றறிக்கை போட்டோம், தலைப்பில் நம் எல்லோருக்கும் மனப்பாடமான அந்தச் சங்க வரியையும் போட்டோம்.

மூன்று வாரத்தில் 43 பெட்டிகள் சேர்ந்தன. திருப்பூரில் துணிக்குப் பஞ்சமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பெட்டிகளைத் திறந்து அடுக்கியபோதுதான் பார்த்தேன்: பெரும்பாலானவை ஏற்றுமதியில் கழிக்கப்பட்ட அரைக்கைப் பனியன்கள். அங்கே அப்போது பனி கொட்டிக்கொண்டிருந்தது. டெல்லி வரை கொண்டுசேர்க்க லாரி வாடகை கேட்டால், உள்ளே இருந்த துணியின் மதிப்பைவிட அதிகமாகச் சொன்னார்கள். அதற்கு மேல் யாரிடம் ஒப்படைப்பது, அவர்கள் வாங்கிக்கொள்வார்களா என்று விசாரித்து முடிப்பதற்குள் தேர்வுகள் வந்துவிட்டன. பெட்டிகள் இன்றும் மாடிப்படிக்குக் கீழே, சுதந்திர தினத்துக்கு மட்டும் வெளியே வரும் பேண்டு வாத்தியங்களுக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

வரும் பருவத்தில் உலகளாவிய குடிமை உணர்வு என்ற பாடப்பகுதியை நான் நடத்த வேண்டும். நடத்துவதற்குக் குறிப்பெடுக்க உட்காரும்போதெல்லாம் அந்தப் பெட்டிகள்தான் கண்முன் வருகின்றன. எங்கோ இருக்கும் மனிதருக்கு ஒரு துன்பம் வந்தால் அது நமக்கும் வந்ததாக எண்ண வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது எளிது. அப்படி எண்ணிய மாணவர் அடுத்த நாள் காலையில் கையால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், என்னிடம் பதில் இல்லை. உதவியைப் பெற்றவர்கள், அனுப்பும் வேலையில் இருந்தவர்கள், இந்தத் துறையை அறிந்தவர்கள் எழுதினால் வகுப்பில் அப்படியே வாசித்துக் காட்டுவேன்.

பதில் 1: அக்கரைப்பேட்டை

அம்மா, நீங்கள் எழுதியதை வாசித்தபோது சிரிப்பும் வந்தது, பழைய கோபமும் வந்தது. கோபம் உங்கள் மாணவர்கள் மேல் இல்லை.

2004 டிசம்பர் 26 அன்று எனக்குப் பதினேழு வயது. சுமத்ராவுக்கு அருகே நம் நேரப்படி காலை ஆறரை மணிவாக்கில் கடலடி அதிர்ந்தது. எங்கள் கரையை அலை அடிக்கும் வரை இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவகாசம் இருந்தும், இந்தியப் பெருங்கடலுக்கென்று சுனாமி எச்சரிக்கை அமைப்பு எதுவும் அப்போது இல்லாததால், எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. தமிழ்நாட்டில் இறந்த ஏறத்தாழ 8,000 பேரில் 6,000 பேருக்கு மேல் நாகை மாவட்டத்தார். என் சித்தப்பாவும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் அதில் அடக்கம். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. துணியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ லாரிகள் வரத் தொடங்கின. முகாமுக்குள் வர வழியில்லாத லாரிகள் சாலையோரத்திலேயே மூட்டைகளைத் தள்ளிவிட்டுத் திரும்பின. சிலர் ஓடும் வண்டியிலிருந்தே வீசினார்கள். கழுத்துப்பட்டி, கம்பளிச் சட்டை, பொத்தான் இல்லாத கால்சட்டை, ஒற்றைச் செருப்பு, எந்தப் பள்ளியுடையது என்றே தெரியாத சீருடை என்று எல்லாம் கிடந்தன. என் அம்மா அந்தக் குவியலிலிருந்து ஒரு புடவையை எடுத்து உதறிப் பார்த்தார்; முந்தானையில் பழைய கறை. அதை நான்காக மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். கடன் வாங்கியாவது தீபாவளிக்குப் புதுத்துணி எடுத்த வீடு எங்களுடையது. போட்டிருந்த துணியைத் தவிர எல்லாவற்றையும் கடல் கொண்டுபோயிருந்தது என்பது உண்மைதான். அதற்காக அடுத்தவர் கழித்ததை உடுத்தும் மனம் ஐந்து நாளில் வந்துவிடுமா? குவியல் மழையில் நனைந்தது, மாடுகள் படுத்தன, துப்புரவுப் பணியாளர்களுக்கு அது இன்னொரு வேலையாகிவிட்டது. பிணங்களை எடுத்து முடித்திருந்த அதே ஆட்கள்தான் இந்தத் துணியையும் அள்ளினார்கள். பின்னர் 'கூஞ்ச்' போன்ற அமைப்புகள் அந்த மூட்டைகளைத் தரம் பிரித்துப் பயன்படும் பொருளாக்கும் வேலையைச் செய்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

எது உதவியது என்று கேட்டால், முதலில் வந்தது சோறு. கடலோரத்திலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஊர்க்காரர்கள் அன்றைக்கு மாலைக்குள் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தார்கள். கடலூர் பக்கம் பரங்கிப்பேட்டை ஜமாத்தார் அண்டை மீனவக் கிராமங்களுக்குச் சமைத்துப் போட்டதை அந்தக் கரையில் இன்றைக்கும் சொல்வார்கள். இடிபாட்டிலிருந்து உயிரோடு இழுக்கப்பட்டவர்களை இழுத்தவர்கள் பக்கத்து வீட்டாரும் பக்கத்து ஊராரும்தான். விமானத்தில் வந்தவர்கள் சேர்வதற்குள் அந்த வேலை முடிந்திருந்தது. வெளியிலிருந்து வந்தவர்களில் பயன்பட்டவர்கள், உட்கார்ந்து கேட்டவர்கள். ஒரு குழுவினர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து, எந்தப் பருவத்துக்கு எந்த வலை, கண்ணி எத்தனை அங்குலம், எந்திரம் எந்தத் திறன் என்று இரண்டு நாள் எழுதிக்கொண்டு போனார்கள். அவர்கள் கொடுத்த வலையை என் மாமா ஒன்பது ஆண்டு வைத்திருந்தார். இன்னொரு குழுவினர் கேட்காமலே வலை கொண்டுவந்தார்கள். எங்கள் கரையில் கிடைக்கும் மீனுக்கு அந்தக் கண்ணி ஒத்துவராது. அது கோழிகளை அடைக்கப் பயன்பட்டது.

படகு விஷயத்தில் நிலைமை எதிர்ப்புறமாகச் சாய்ந்தது. பல அமைப்புகள் ஒரே நேரத்தில் ஃபைபர் படகு கொடுத்ததால், சுனாமிக்கு முன் இருந்ததைவிட அதிகப் படகுகள் கரையில் நின்றன. படகைக் கொடுத்தால் புகைப்படம் நன்றாக வரும். கருவேலம் மண்டிய வடிகாலைத் தூர்வாரினால் வராது. தற்காலிகக் குடியிருப்பைத் தார் பூசிய தகட்டில் கட்டினார்கள். சித்திரை வெயிலில் அதற்குள் பகலில் யாரும் இருக்க முடியவில்லை, கிழவிகள் எல்லாம் நிழல் தேடி வெளியே வந்து உட்கார்ந்திருப்பார்கள். கட்டியவர் ஒரு நாள் உள்ளே படுத்துப் பார்த்திருந்தால் போதும்.

எங்கள் பக்கத் தவறையும் மறைக்கக் கூடாது. நிவாரணம் பெரும்பாலும் மீனவப் பஞ்சாயத்து வழியாகவே பங்கிடப்பட்டது. அது வேகமாக நடந்தது, கணக்கும் இருந்தது. ஆனால் பஞ்சாயத்துக் கணக்கில் இல்லாத தலித் குடும்பங்களும், உப்பேறிய வயலில் கூலி இழந்தவர்களும், இருளர்களும் பல இடங்களில் விடுபட்டார்கள். உள்ளூர்க்காரரிடம் கேட்டுச் செய்யுங்கள் என்று சொல்கிறேன் அல்லவா, உள்ளூரில் யாரிடம் கேட்கிறீர்கள் என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

பதில் 2: சரக்குக் கணக்கர்

தூத்துக்குடியில் கப்பல் சரக்கு அனுப்பும் தொழிலில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். உணர்ச்சியைப் பற்றி மற்றவர்கள் எழுதட்டும். நான் காகிதத்தைப் பற்றி எழுதுகிறேன்.

ஒரு பெட்டி நாட்டு எல்லையைத் தாண்ட வேண்டுமென்றால், அக்கரையில் அதைப் பெற்றுக்கொள்ள ஒப்புக்கொண்ட ஒருவரின் பெயர் சரக்கு ரசீதில் இருந்தாக வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை உருப்படி, என்ன எடை என்ற பட்டியல் வேண்டும். அந்த நாட்டுச் சுங்கத்துறை நிவாரணப் பொருள் என்று ஏற்று வரி விலக்குத் தர வேண்டும். பெறுபவர் பெயரில்லாமல் போய்ச் சேரும் பெட்டி துறைமுகத்தில் நாள் வாடகை ஏறிக்கொண்டு நிற்கும். அது நிற்கிற இடத்தில், கேட்டு வாங்கிய கூடாரமோ குடிநீர்ச் சுத்திகரிப்பு எந்திரமோ இறங்க முடியாமல் காத்திருக்கும். 'கெடுதல் இல்லாத சிறு உதவி' என்று நாம் நினைப்பது அங்கே வழியை அடைக்கிறது.

சுனாமிக்குப் பின் இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்துக்கு ஏறத்தாழ 4,000 டன் மருந்துகள் வந்திறங்கின. அங்கிருந்த மக்கள் 20 லட்சத்துக்கும் குறைவு. பெரும்பகுதி மருந்தின் உறையில் இருந்த மொழி உள்ளூர் மருந்தாளுநர்களுக்குப் புரியவில்லை. காலாவதியானதும் பயன்படாததுமாகச் சேர்ந்த சுமார் 600 டன்னை அழிக்க வேண்டியிருந்தது, அழிப்பதற்குத் தனியாகப் பணம் தேட வேண்டியிருந்தது. பனியனாவது மக்கிப் போகும்; மருந்தை அப்படி விட முடியாது.

சரியாக நடந்த ஒன்றையும் சொல்கிறேன். 2022இல் இலங்கை பொருளாதார நெருக்கடியில் தத்தளித்தபோது, தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றி 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், 137 வகை மருந்துகள் அனுப்ப முடிவெடுத்தது. அந்த ஆண்டு மே 18 அன்று சென்னையிலிருந்து முதல் கப்பல் 9,000 டன் அரிசியோடும் 200 டன் பால் பவுடரோடும் 24 டன் மருந்தோடும் புறப்பட்டது. அந்தப் பட்டியலைப் பாருங்கள்: மூன்றே இனம், ஒவ்வொன்றும் மொத்தமாக, ஒரே மாதிரி மூட்டையில். இறக்குபவருக்குக் குழப்பமில்லை, பங்கிடுபவருக்குக் குழப்பமில்லை. ஒன்றிய அரசின் அனுமதி பெற்று, அரசிடமிருந்து அரசுக்குப் போனதால் பெறுபவர் யார் என்ற கேள்வியும் எழவில்லை.

தனிமனிதர்களுக்கு என் ஆலோசனை, பணம். பணத்துக்கு எடையில்லை, அளவு இல்லை, பனிக்கும் வெயிலுக்கும் பொருந்தும். இடிந்த ஊருக்குப் பக்கத்து ஊரில் கடை திறந்திருக்கும். அங்கே வாங்கினால் அந்தக் கடைக்காரரும் பிழைப்பார். ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். என்ற வெளிநாட்டுப் பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ் ஒருவர் வெளிநாட்டுக்கு நன்கொடை அனுப்ப வங்கியிலேயே வழி இருக்கிறது. கல்லூரியின் பெயரில் மாணவர்களிடம் வசூலித்து அனுப்புவது வேறு விஷயம். அதற்கு முன் உங்கள் தணிக்கையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பதில் 3: உள்ளூர்வாசி

நொய்யலில் சாயக் கழிவு ஓடிக்கொண்டிருக்கும்போது துருக்கிக்குப் பனியன் அனுப்ப மூன்று வாரம் செலவழித்தார்கள் என்பதை வாசிக்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளர்கள் ஓர் அறையில் எட்டுப் பேர் தங்கியிருக்கிறார்கள். அவர்கள் நம் வாசலிலேயே இருக்கும் அயலார். உலகக் குடிமகன் என்பவருக்குக் கடவுச்சீட்டு தருபவர் யார், அவர் வரி கட்டுவது யாருக்கு, அவர் தவறு செய்தால் கேட்பது யார்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத ஒரு சொல்லை மாணவர்களுக்குப் பாடமாக வைப்பது, செய்ய வேண்டிய வேலையிலிருந்து தப்பிக்க வழி காட்டுவதாகவே முடியும்.

பதில் 4: மாலை ஷிப்ட்

நான் பொதுச் சுகாதாரத் துறையில் செவிலியர். மேலே எழுதிய நண்பர் கடைசியில் கேட்ட கேள்வி, தவறு செய்தால் கேட்பது யார் என்பது, இந்தத் திரியிலேயே முக்கியமானது என்று நினைக்கிறேன். ஆனால் அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

ஹெய்ட்டியில் 2010 ஜனவரி 12 அன்று நிலநடுக்கம் ஏற்பட்டது. தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸ் இடிந்து கிடந்தது, உலகமே உதவிக்குப் போனது. அதே ஆண்டு அக்டோபரில், ஒரு நூற்றாண்டாகக் காலராவே பதிவாகாத அந்த நாட்டில், ஆர்டிபோனிட் ஆற்றை ஒட்டிய ஊர்களில் மக்கள் வாந்தியும் பேதியுமாகச் சுருண்டு விழத் தொடங்கினார்கள். மிர்பலே நகருக்கு அருகே ஐக்கிய நாடுகள் அமைதிப்படையின் முகாம் ஒன்று இருந்தது. அங்கே நேபாளத்திலிருந்து வந்த படையினர் தங்கியிருந்தார்கள். முகாமின் கழிவு ஓர் ஓடையில் கலந்து ஆற்றுக்குப் போயிருந்தது. 8 லட்சம் பேர் நோயுற்றார்கள், ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். கிருமியின் மரபணு வரிசை நேபாளத்தில் அப்போது பரவியிருந்த வகையோடு ஒத்துப்போனது என்று ஆய்வாளர்கள் காட்டிய பிறகும், ஐ.நா. பல ஆண்டுகள் பொறுப்பேற்க மறுத்தது. நீதிமன்றத்துக்குப் போனவர்களை அதன் சட்டப் பாதுகாப்புரிமை தடுத்தது. 2016 டிசம்பரில்தான் பொதுச்செயலாளர் பான் கி-மூன் ஹெய்ட்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

நோயாளி ஒருவரின் மலம் எங்கே போகிறது என்று பார்ப்பது எங்கள் வேலையில் முதல் பாடம். ஒரு முகாமில் இருபது பேருக்கு ஒரு கழிப்பறையாவது வேண்டும், ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் வேண்டும், தலைக்கு மேல் கூரையுள்ள இடம் மூன்றரைச் சதுர மீட்டராவது வேண்டும் என்று 'ஸ்ஃபியர்' என்ற பெயரில் தொண்டு நிறுவனங்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட அளவுகோல்கள் இருக்கின்றன. ருவாண்டா இனப்படுகொலைக்குப் பின் அகதி முகாம்களில் நடந்த குளறுபடிகளிலிருந்து பாடம் கற்று 1997இல் தொடங்கிய முயற்சி அது. பேராசிரியர் அவர்களே, உங்கள் பாடப்பகுதிக்கு இதைப் பரிந்துரைக்கிறேன். மாணவர்கள் கல்லூரி விடுதியில் ஒரு நாள் 15 லிட்டரில் குளித்து, துவைத்து, சமைத்துக் காட்டட்டும். நாங்கள் பயிற்சியில் செய்தோம். மாலை நாலு மணிக்கே வாளி காலியாகிவிட்டது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. சுனாமி நிவாரணத்தை ஆராய்ந்த பன்னாட்டு மதிப்பீட்டுக் கூட்டமைப்பு ஒன்று, பாதிக்கப்பட்ட ஒருவருக்கு 7,100 டாலருக்கும் மேல் நிதி திரண்டது என்றும், அதே 2004இல் வங்காளதேசத்து வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட ஒருவருக்குச் செலவானது 3 டாலர் என்றும் எழுதியது. அலையின் காணொளி இருந்தது. வெள்ளம் வழக்கம்போல் வந்து வழக்கம்போல் வடிந்தது. ஜூலி என்ற நாய் இல்லாத பேரிடர்களுக்கு யார் அழுவது? உலகக் குடிமை உணர்வு என்று ஒன்று இருக்குமானால், தொலைக்காட்சி வண்டி கிளம்பிப் போன பிறகு அது என்ன செய்கிறது என்பதில்தான் எனக்கு அக்கறை. உள்ளூர்வாசி அவர்களே, நீங்கள் சொல்லும் அறையில் எட்டுப் பேராகத் தங்கியிருக்கும் தொழிலாளியின் ஊரில் வெள்ளம் வந்தால், அது உங்களுக்கு உள்ளூரா வெளியூரா?

பதில் 5: கல்லடிப்பாலம்

அன்பின் பேராசிரியருக்கு,

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். ஆழிப்பேரலை வந்த காலத்தில் இங்கு ஓர் அரச சார்பற்ற நிறுவனத்தில் களப்பணியாளராக இருந்தேன். இடைத்தங்கல் முகாம்களில் பெயர்ப் பதிவு செய்வதே என் வேலை.

தனக்கு மிஞ்சித்தான் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 2004இல் உங்கள் நாகப்பட்டினம் சிதைந்து கிடந்த அதே நாட்களில்தான் இந்தியக் கடற்படையின் கப்பல்கள் திருகோணமலைக்கும் காலிக்கும் வந்து சேர்ந்தன. மாலைதீவுக்கும் இந்தோனேசியாவுக்கும்கூடச் சென்றன. மிஞ்சியதைக் கொண்டுவந்தார்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை. அந்த நேரத்தில் இந்திய அரசு தனக்கு வேறு அரசுகளின் உதவி தேவையில்லை என்றும் சொல்லியிருந்தது. கொடுப்பதில் ஒரு பெருமிதமும் வாங்குவதில் ஒரு கூச்சமும் அரசுகளுக்கும் உண்டு. அந்தக் கூச்சத்தின் விலையைச் சில நேரம் முகாமில் இருப்பவர் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

பணமா பொருளா என்ற விவாதத்தைத் தாண்டி, உதவி எந்த வாசலால் உள்ளே வருகிறது என்பதே என் அனுபவத்தில் பெரிய கேள்வி. இங்கு அலைக்குப் பிறகு கரையோரத்தில் வீடு கட்டக் கூடாது என்று ஒரு வலயத்தை அரசு அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். கடல் ஒன்றுதான், அலையும் ஒன்றுதான். தூரம் மட்டும் ஏன் இரண்டானது என்று முகாமில் என்னிடம் கேட்டவர்களுக்கு நான் சொல்லக்கூடிய பதில் எதுவும் இருக்கவில்லை. வீடு கட்டித் தர வெளிநாட்டு நிறுவனங்கள் பணத்தோடு காத்திருந்தன, காணி இல்லை. அரசும் விடுதலைப் புலிகளும் நிவாரணத்தைச் சேர்ந்து நிர்வகிக்க 2005 ஜூனில் ஒரு கட்டமைப்புக்குக் கையெழுத்திட்டார்கள். அடுத்த மாதமே எங்கள் உயர் நீதிமன்றம் (உங்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம்) அதன் முக்கியப் பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது, அதன் பின் அது எழவேயில்லை. உலகத்தின் தாராளம் கொழும்பு வரை வந்து, அங்கிருந்து எங்களிடம் வரும் வழியில் நின்றுவிட்டது.

உங்கள் மாணவர்கள் துருக்கியைப் பற்றிப் பேசியபோது சிரியாவைப் பற்றி எவ்வளவு பேசினார்கள்? அதே நிலநடுக்கம்தான். எல்லைக்கு வடக்கே உலகெங்கிலுமிருந்து மீட்புக் குழுக்கள் இறங்கின. இந்திய இராணுவம் இஸ்கெந்தெருனில் கள மருத்துவமனையே அமைத்தது. தெற்கே, கிளர்ச்சியாளர் கையில் இருந்த வடமேற்குச் சிரியாவுக்கு ஐ.நா. உதவி செல்லப் பாதுகாப்புச் சபையின் அனுமதி இருந்தது பாப் அல்-ஹவா என்ற ஒரே ஒரு எல்லை வாசலுக்கு மட்டும். 2014இல் நான்கு வாசல்களுக்குத் தந்த அனுமதியை ரஷ்யாவின் அழுத்தத்தால் 2020இல் ஒன்றாகக் குறைத்திருந்தார்கள். முதல் ஐ.நா. வாகன அணி பெப்ரவரி 9ஆம் திகதிதான் உள்ளே போனது. பெப்ரவரி 13 அன்று இன்னும் இரண்டு வாசல்களைத் திறக்கச் சிரியாவின் அப்போதைய அசாத் அரசு இசைந்தது, அதுவும் மூன்று மாதத்துக்கு. இடிபாட்டுக்குள் ஒரு மனிதர் தண்ணீரில்லாமல் எத்தனை நாள் தாங்குவார் என்பதை உங்கள் செவிலியர் சொல்வார். வடமேற்குச் சிரியா மக்களை இதுவரை கைவிட்டுவிட்டோம் என்று ஐ.நா.வின் மனிதாபிமானப் பணிகளின் தலைவரே எல்லையில் நின்று ஒப்புக்கொண்டார். அங்கே யார் தோண்டினார்கள் என்றால், வெள்ளைத் தொப்பிக்காரர் என்று அழைக்கப்படும் உள்ளூர்த் தொண்டர்கள், இருந்த கருவிகளைக் கொண்டு தோண்டினார்கள்.

ஆகவே, வாசல் திறக்கச் சொல்லிக் கேட்பதும் உதவிதான் என்பேன். அது பெட்டிக்குள் வைத்து அனுப்ப முடியாத உதவி. தங்கள் அரசு சபையில் எப்படி வாக்களித்தது என்று பார்க்கத் தெரிந்த மாணவர், ஒரு பனியனைவிடத் தூரம் போவார்.

2022இல் வந்த அரிசியைப் பற்றிச் சரக்குத் தொழில் நண்பர் எழுதியிருந்தார். அந்த மூட்டைகள் முதலில் தமிழருக்கென்று அனுப்பப்படுவதாகப் பேச்சு இருந்தது. எல்லா மக்களுக்கும் பொதுவாக அனுப்புங்கள், பிரித்துத் தர வேண்டாம் என்று இங்கிருந்த தமிழ்த் தலைவர்களே கேட்டுக்கொண்டார்கள். உங்கள் சட்டமன்றத்திலும் அது சொல்லப்பட்டது. முப்பதாண்டு யுத்தத்தைக் கடந்து வந்த ஒரு சனம் அப்படிக் கேட்டதை நான் சின்ன விஷயமாக நினைப்பதில்லை. எங்கள் கிராம சேவகர் பிரிவில் அந்த அரிசி வாங்க வரிசையில் நின்றவர்களில் யார் யார் என்று நான் எண்ணவில்லை. எண்ணும் பழக்கம் முன்பு இருந்தது.

பதில் 6: நொய்யல்கரை

எல்லோருக்கும் நன்றி. உங்கள் பதில்களை அச்செடுத்து, மாணவர்கள் முன்னிலையில் நேற்று வாசித்தோம். புடவையை மடித்து வைத்த இடத்தில் ஒரு மாணவி எழுந்து வெளியே போய்விட்டாள். சுற்றறிக்கைக்கு அந்தத் தலைப்பைத் தேர்ந்தெடுத்தவள் அவள்தான்.

உள்ளூர்வாசி அவர்களுக்கு: நொய்யலைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் எங்கள் அலகில் ஆற்றங்கரையைச் சுத்தம் செய்ய ஒவ்வொரு ஞாயிறும் வருபவர்களும் அன்றைக்குத் துருக்கிக்காகப் பெட்டி சுமந்தவர்களும் பெரும்பாலும் ஒரே பிள்ளைகள்தான் என்பதைப் பதிவுசெய்ய விரும்புகிறேன். ஒன்றில் அக்கறை கொண்டவர் மற்றதில் குறைத்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை.

பெட்டிகளை இன்று காலை திறந்தோம். கம்பளிப் போர்வைகள் மூன்று பெட்டி தேறின. அவற்றைத் துவைத்து, எங்கள் ஊரிலேயே இரவில் வெளியில் படுப்பவர்களுக்கான காப்பகத்தில் கேட்டோம், முப்பது போதும் என்றார்கள், முப்பது கொடுத்தோம். பனியன்களைத் திருப்பூர் வழக்கப்படி வேஸ்ட் வியாபாரியிடம் எடைக்குப் போட்டோம். எந்திரம் துடைக்கப் போகும் என்றார். 212 கிலோ. அந்தப் பணத்தை என்ன செய்வது என்று மாணவர்களே முடிவு செய்யட்டும் என்று விட்டிருக்கிறேன். காணொளி வராத ஒரு பேரிடரைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கே ஏற்கனவே வேலை செய்பவர்கள் யார், அவர்கள் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று எழுதிக் கொண்டுவர வேண்டும் என்பது அவர்களுக்கு நான் வைத்திருக்கும் நிபந்தனை. ஒரு குழு சூடான் என்கிறது, இன்னொரு குழு அசாம் வெள்ளம் என்கிறது. சண்டை நடந்துகொண்டிருக்கிறது.

பதினைந்து லிட்டர் வாளியை வெள்ளிக்கிழமை விடுதியில் வைக்கிறோம். அக்கரைப்பேட்டை நண்பருக்கு ஒரு வேண்டுகோள்: வரும் பருவத்தில் ஒரு நாள் வகுப்புக்கு வந்து பேச முடியுமா? வண்டிச் செலவும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. உங்கள் தாயாரையும் அழைத்து வந்தால் மகிழ்வோம். பேச வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை.